கொழுக்கட்டை யானைக்குத் தும்பிக்கை ஏன் விழுகிறது?

மே மாத விடுமுறை தொடங்கி நாலு நாள்கூட ஆகவில்லை. எதிர்வீட்டுப் பெண் இட்லித் தட்டும் கையுமாக வந்து நின்றாள். “அக்கா, பசங்களோட சேர்ந்து கொழுக்கட்டை மாவுல யானை பண்ணினோம். இப்படி ஆயிடுச்சு.” தட்டில் உடம்பு ஒரு பக்கம், தும்பிக்கை ஒரு பக்கம், காது எங்கேயோ. 12 வருஷத்துக்கு முன்னால் என் அடுப்படியில் நடந்த அதே விபத்து. கை கழுவுவது, பிள்ளைகளை அடுப்புக்குப் பக்கத்தில் விடாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். நாம் செய்யும் மற்ற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கொதிக்காத தண்ணீர்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ‘வெந்நீர் ஊற்றிப் பிசையவும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெந்நீர் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். கோதுமை மாவுக்கு இழுத்துப் பிடிக்கும் பசை உண்டு, அரிசி மாவுக்குக் கிடையாது. கொதிநீரில் பாதி வெந்து பசையாகும் மாவுச்சத்துதான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஓரத்தில் குமிழி தெரிந்ததுமே ஊற்றினால் மாவு நனையும், வேகாது. இதில் மோசம், அது உடனே காட்டிக் கொடுக்காது. கையில் நன்றாகத்தான் உருளும். 10 நிமிஷம் கழித்து மேலே வெடிக்கும். ஆவி பட்டதும் ஒட்டு கழன்றுவிடும்.

அன்றைக்கு என் அக்கா பெண்ணுக்கு ஐந்து வயது. அரைமணி நேரம் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரே ஒரு யானை செய்தாள். இட்லிப் பானையைத் திறந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, “தும்பிக்கை எங்க சித்தி?” என்றாள். அப்புறம் போய் கிரீம் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். அந்த லீவு முழுக்கக் கொழுக்கட்டையைத் தொடவில்லை. மாவு போனது பெரிதில்லை, ஒரு லீவே போனது.

ஒரு தம்ளர் கொழுக்கட்டை மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைத் தம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். கொதி வந்ததும் மாவில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, மூடி 10 நிமிஷம் விடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் தொட்டுப் பிசையுங்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் உருண்டை போக மீதி, ஈரத்துணிக்கு அடியில் இருக்கட்டும். வெடித்த மாவில் பச்சைத் தண்ணீர் தெளித்துச் சமாளிக்காதீர்கள். உதிர்த்து, ஆவியில் ஐந்து நிமிஷம் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் மறுபடி பிசைந்தால் பெரும்பாலும் தேறும். எதிர்வீட்டு மாவைத் தேற்றியது அப்படித்தான்.

பெரிய உருவம்

எலுமிச்சம்பழ அளவைத் தாண்டிக் கெட்டியாகப் பிடித்தால் நடுவில் பச்சை மாவு நிற்கும். உடம்புக்குள் பூரணம் வையுங்கள். முதல்முறை செய்யும் பிள்ளைக்கு யானை வேண்டாம். கயிறாக உருட்டிச் சுருட்டினால் நத்தை. கத்தரிக்கோலால் முதுகை நறுக் நறுக்கென்று வெட்டினால் முள்ளம்பன்றி.

மிளகில் கண்

கடித்ததும் பிள்ளை காரத்தில் அழும். கருப்பு எள் வையுங்கள்.

கடையில் வாங்கும் சாயம்

துணிக்கும் தோலுக்கும் போடும் ரோடமின்-பி இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அதன் பிறகும் சாயப் பொட்டலம் எதற்கு? மாவில் ஊற்றும் தண்ணீரிலேயே பீட்ரூட் துருவலைக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆவியில் நிறம் கொஞ்சம் வெளுக்கும், அதனால் தண்ணீர் திக்காக இருக்கட்டும். சங்குப்பூ போட்டால் நீலம். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் தனியே எடுத்துப் பிள்ளையை எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள், ஊதாவாக மாறும். கொழுக்கட்டையையே மறந்துவிடுவார்கள்! பசலைப் பச்சை மட்டும் அதிக நேரம் வெந்தால் மங்கும். 10 நிமிஷத்தில் இறக்கிவிடுங்கள்.

வெல்லம்தானே என்று

வெல்லமும் சர்க்கரைதான். நாம் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கில் அதுவும் வரும். பூரணத்தில் தேங்காயை ஏற்றி வெல்லத்தைக் குறையுங்கள். பாதிக்குக் காரக் கொழுக்கட்டையும் செய்யலாம்: பாசிப்பருப்பு, கேரட், கொஞ்சம் இஞ்சி.

முழு வேர்க்கடலை

ஐந்து வயதுக்குள் கூடாது, புரையேறும். பொடித்துப் போடுங்கள்.

ராகி மட்டும்

சத்து என்று முழுக்க ராகி மாவில் இறங்குகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. உருவம் நிற்காது. வாசனை வர வறுத்து, பாதிக்குப் பாதி அரிசி மாவு கலந்துகொள்ளுங்கள். கரடி செய்ய அந்த நிறம் பொருத்தம்.

நாமே திருத்துவது

பிள்ளை செய்த காது கோணலாக இருக்கிறதென்று அழகுபடுத்தி வைப்போம். நானும் செய்திருக்கிறேன். “இது என்னோடது இல்ல” என்று தட்டைத் தள்ளிவிட்டார்கள்.

எதிர்வீட்டுப் பையன் நேற்று ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். டைனோசராம். எனக்குக் கத்தரிக்காய் மாதிரிதான் தெரிந்தது. வால் மட்டும் விழவில்லை.