சிங்கப்பூரில் எந்தப் பேட்டையில் குடியேறுவது? முதலில் பள்ளி, அப்புறம் வீடு

"அண்ணே, வேலை உறுதியாகிவிட்டது. அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறேன். நம்மாட்கள் எந்தப் பக்கம் அதிகம்?" வாட்ஸ்அப்பில் ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான். அடுத்தது, "தேக்கா பக்கத்தில் வீடு கிடைக்குமா?"

நானும் இதே கேள்வியோடுதான் வந்தேன். லிட்டில் இந்தியா என்னும் இந்தியர் கடைப்பகுதியில் இருக்கும் தேக்கா சந்தைக்கு நடக்கிற தூரத்தில் வீடும் எடுத்தேன். முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைத்தன. மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததோ தீவின் வடக்கே ஈசூனில். ஓராண்டு முழுக்க அவளை விடிவதற்கு முன் எழுப்பி, பாதித் தூக்கத்தில் இட்லியை ஊட்டி, பள்ளிப் பேருந்தில் ஏற்றினோம். அந்த ஓராண்டில் கற்றதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கையில் இருக்கும் அட்டை எது?

குடிமக்கள், நிரந்தரவாசிகள், வேலை அனுமதியில் வருபவர்கள் மூவருக்கும் விதிகள் வேறு. கல்வி அமைச்சின் பள்ளிகளில் தொடக்கநிலை ஒன்றுக்கான (முதல் வகுப்பு) பதிவு பல கட்டங்களாக நடக்கும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முன்கட்டங்களில் பதிவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றாம் கட்டம், அதாவது கடைசிக் கட்டம். எங்கே இடம் மிஞ்சுகிறதோ அங்கேதான்.

பிள்ளை அதைவிடப் பெரியது என்றால் ஏஇஐஎஸ் என்னும் சேர்க்கைத் தேர்வு. ஆங்கிலமும் கணிதமும்தான் பாடம். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை. ஊரில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்கூட ஆங்கிலத் தாளில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வருவதற்கு முன்பே பழைய பாடங்களை விட்டுவிட்டு ஆங்கில வாசிப்பைத் தொடங்குங்கள்.

வேலை அனுமதியில் வருபவர்களுக்கு ஒரு சொல்: பெயர்பெற்ற பள்ளிக்கு எதிரில் அதிக வாடகைக்கு வீடெடுத்தால் அந்தப் பள்ளி கிடைத்துவிடாது. வீட்டின் தூரத்தைப் பார்த்து இடம் தரும் கணக்கு உங்களுக்கானதே அல்ல.

படி 2: பள்ளியைப் பெயரால் அல்ல, தமிழால் வடிகட்டுங்கள்

2012ல் கல்வி அமைச்சு உயர்நிலைப் பள்ளிகளைத் தரவரிசைக் கட்டங்களில் போடுவதை நிறுத்தியது. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்பவர்களுக்குப் மதிப்பெண்படி பிரிக்கும் பழைய விரைவு, வழக்கநிலைப் பிரிவுகளும் இல்லை. பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். இவ்வளவுக்குப் பிறகும் காப்பிக்கடையில் உட்கார்ந்து "டாப் ஸ்கூல்" பட்டியல் போடுகிறோம். போடுவோம், என்ன செய்வது.

நான் பார்க்கச் சொல்வது வேறு. அந்தப் பள்ளியில் தமிழ் இருக்கிறதா? தமிழ் இங்கே ஆட்சிமொழி, தாய்மொழிப் பாடமும்கூட. ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் தமிழாசிரியர் இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் மாணவர்கள் குறைவான பள்ளி என்றால், பிள்ளை பள்ளி முடிந்ததும் வேறொரு நிலையத்துக்குப் பயணம் செய்து தமிழ் படிக்க வேண்டும். பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்படிப்பட்டது. ஆசிரியர்கள் அருமையானவர்கள்தான். இருந்தாலும் நாள் முழுக்கப் படித்த பிள்ளைக்கு அந்த இரண்டாவது பயணம் களைப்புதான்.

இன்னொன்று, சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் என்று சில உண்டு. சீனமொழியையும் சீனப் பண்பாட்டையும் மையமாகக் கொண்டவை. கல்வித் தரத்தில் குறையில்லை. ஆனால் பல இனப் பிள்ளைகளோடு வளர வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் அங்கே போட்டி போடுவதில் பொருளில்லை. அமைச்சின் இணையப்பக்கத்தில் பள்ளி தேடும் கருவி இருக்கிறது. தாய்மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் தானாகச் சுருங்கும்.

அனைத்துலகப் பள்ளி என்று முடிவுசெய்துவிட்டால் கணக்கு இன்னும் எளிது. கட்டணம் அதிகம், இடம் ஓரளவு உறுதி. பள்ளி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வீட்டைத் தேடுங்கள். பொங்கோல் பக்கம் இந்தியக் குடும்பங்கள் பெருகியதற்கு அங்கே வந்த அனைத்துலகப் பள்ளியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

படி 3: வரைபடத்தில் வட்டம் போடுங்கள்

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கவனிக்க. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை, அப்புறம் ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர், அப்புறம் மற்றவர்கள். எல்லாத் தூரத்துக் குடிமக்களுக்கும் பிறகுதான் நிரந்தரவாசிகள், அதே தூர வரிசையில். அரசாங்கத்தின் ஒன்மேப் வரைபடத் தளத்தில் முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி எந்த வட்டத்தில் வருகிறது என்று காட்டும். தூர முன்னுரிமையில் இடம் பெற்றால் பதிவு தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியிலேயே வசிக்க வேண்டும். பதிவு முடிந்ததும் காலி செய்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம்.

வேலை அனுமதிக்காரர்கள், பள்ளி தெரியும்வரை நீண்ட ஒப்பந்தம் போடாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குக் குறைந்தபட்ச வாடகைக்காலம் ஆறு மாதம், தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். குறுகிய காலத்துக்கு எடுத்து, பள்ளி முடிவானதும் மாறுங்கள். பெட்டி கட்டுவது எரிச்சல்தான், ஆனால் விடியற்காலை இட்லியைவிடப் பரவாயில்லை.

படி 4: "நம்மாட்கள் எங்கே" என்ற கேள்வி

இதற்கு அரசாங்கம் 1989லேயே ஒரு பதில் சொல்லிவிட்டது. வீவக பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு உண்டு. 2010 முதல் இந்தியர்களையும் பிற இனத்தவரையும் சேர்த்து ஒரு புளோக்கில் 15, வட்டாரத்தில் 12. மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 9 விழுக்காடு. அதனால் வீவகவில் தனித் தமிழ்த்தெரு உருவாகாது. தமிழரே இல்லாத பேட்டையும் அரிது.

இந்த இன வரம்பு வாங்குபவர்களுக்கு. புளோக்கில் அந்த வரம்பு நிறைந்திருந்தால் இன்னொரு இந்தியரிடமிருந்தோ பிற இனத்தவரிடமிருந்தோதான் வாங்க முடியும். வாடகைக்கு வேறு வரம்பு: முழு வீட்டை எடுக்கும் போது, மலேசியர் அல்லாத வெளிநாட்டவர்களுக்கு வட்டாரத்தில் 8, புளோக்கில் 11 விழுக்காடு. வீடு பிடித்துப்போய் முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த புளோக்கில் இடம் இருக்கிறதா என்று உரிமையாளரை வீவக தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

இடங்களைப் பற்றி விரைவாக. ஈசூன், செம்பவாங் பக்கம் பழைய கடற்படைத் தளத்துக் காலத்திலிருந்தே இந்தியக் குடும்பங்கள் உண்டு. ஈசூனில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலும் இருக்கிறது. செங்காங்கும் பொங்கோலும் இளம் குடும்பங்களின் ஊர், விளையாட்டிடம் நிறைய. வடகிழக்கு ரயிலில் மாறாமல் லிட்டில் இந்தியா வந்துவிடலாம். ஆனால் பிள்ளைகள் அதிகம் என்பதால் பள்ளி இடத்துக்குப் போட்டியும் அதிகம். தெம்பனிஸ் என் விருப்பம். நூலகம், நீச்சல்குளம், அரங்கம் எல்லாம் ஒரே கட்டடத்தில்.

படி 5: தொலைபேசியில் வரும் கேள்வி

வீடு பிடித்து முகவரை அழைத்தேன். மறுமுனையில் முதல் கேள்வி, "இந்தியரா?" அடுத்தது, "சமைப்பீர்களா?" ஆமாம், சாப்பிடுவோமே என்றேன். "ஓனர் லைட் குக்கிங் மட்டும் என்கிறார்." லைட் குக்கிங் என்றால் நூடல்ஸ் கிண்டலாம், கடுகு தாளிக்கக்கூடாது என்று பொருள். இன அடிப்படையில் விளம்பரம் செய்யக்கூடாது என்று முகவர்களுக்கு விதிமுறை இருக்கிறது. விளம்பரத்தில் இல்லாதது இப்படிப் பேச்சில் வந்துவிடும்.

மூன்று இடங்களில் இதே கேள்வி வந்த பிறகு என் உத்தியை மாற்றிக்கொண்டேன். முதல் செய்தியிலேயே நாங்கள் யார், எத்தனை பேர், தினமும் சமைப்போம், புகைபோக்கியைப் போடுவோம், அடுப்படியை மாதாமாதம் சுத்தம் செய்வோம் என்று எழுதிவிடுவேன். வேண்டாதவர்கள் பதில் போடமாட்டார்கள். நேரம் மிச்சம். பதில் போடுபவர்கள் பெரும்பாலும் நல்ல உரிமையாளர்களாகவே இருந்தார்கள். எங்கள் இப்போதைய வீட்டுக்கார ஆன்ட்டி சீனர். வாடகை பேச வந்தவர், "மீன்கறி வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம்" என்றார்.

கறி வாசனை இந்த ஊரில் பெரிய கதை. 2011ல் ஓர் இந்தியக் குடும்பம் கறி சமைப்பது பற்றி அண்டைவீட்டார் புகார் சொன்ன பழைய சமரச வழக்கு ஒன்று செய்தித்தாளில் வந்தது. உடனே எல்லா இனத்தவரும் கூடி, ஆகஸ்ட் 21ஆம் தேதி வீட்டுக்கு வீடு கறி சமைத்தார்கள்.

படி 6: இரண்டு முறை போய்ப் பாருங்கள்

வாரநாளில் காலை 6.30க்கு ஒருமுறை. புளோக்கின் கீழ்த்தளத்தில் எந்தெந்தச் சீருடை நிற்கிறது என்று பாருங்கள். அக்கம்பக்கத்தார் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். மாலை ஏழு மணிக்கு இன்னொரு முறை. விளையாட்டிடத்தில் எந்தெந்தப் பிள்ளைகள் சேர்ந்து ஓடுகிறார்கள்? மின்தூக்கியில் ஏறினால் கதவைப் பிடித்து நிறுத்துகிறார்களா? தாழ்வாரத்தில் ஒரு வாசலில் கோலம், அடுத்த வாசலில் ஊதுவத்திக் கிண்ணம், அதற்கடுத்து ஹரிராயா (நோன்புப் பெருநாள்) விளக்கு என்று இருந்தால் எனக்கு அந்த மாடி போதும்.

சமூக மன்றத்தில் எட்டிப் பார்த்து, இந்தியர் நற்பணிச் செயற்குழு என்ன நடத்துகிறது என்று கேளுங்கள். பொங்கல் விழாவில் பாத்திரம் கழுவ ஆள் தேடுவார்கள். முதல் நண்பர்கள் எனக்கு அங்கேதான் கிடைத்தார்கள்.

படி 7: கையெழுத்து

முகவரின் பதிவு எண்ணைச் சொத்து முகவர்களின் அரசாங்க இணையப் பதிவேட்டில் சரிபாருங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கக்கூடாது. உரிமையாளருக்கு நேரே அனுப்புங்கள். வேலை போய் நாடு திரும்ப நேர்ந்தால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்கும் விதியைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்திட்ட 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். அப்புறம், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களிலும் "சமையல்" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் படியுங்கள். எங்கள் முதல் ஒப்பந்தத்தில் அது பதினோராம் பக்கத்தில், ஏர்கான் பராமரிப்புக்குக் கீழே ஒளிந்திருந்தது.