எந்த நார்வே? வழக்கமாக நடக்கும் சில தவறுகள்

பனி மூடிய மலை, அதன் அடியில் ஃபியோர்டு (மலைகளுக்கிடையே உள்ளே புகுந்த கடல்), மேலே வானத்தில் பச்சை ஒளி. நார்வே என்றால் இந்த மூன்றையும் ஒரே படத்தில் அடைத்துத்தான் விளம்பரம் வருகிறது. அந்தப் படத்தை நம்பிப் பெட்டி கட்டுபவர்களும் சரி, கட்டுரை எழுதுபவர்களும் சரி, சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: அந்த நீண்ட நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் அப்படிப் பேசுவதில்லை. கிழக்கே ஓஸ்ட்லாண்டே, மேற்கே வெஸ்ட்லாண்டே, தெற்கே சோர்லாண்டே, நடுவில் த்ரோண்டெலாக், வடக்கே நூர்-நோர்கே என்று ஐந்தாகப் பிரித்துத்தான் பேசுவார்கள்.

இந்த ஐந்தையும் மாநிலம், மாவட்டம் என்று எழுதிவிட வேண்டாம். நிர்வாகப் பிரிவின் பெயர் ஃபில்கே. (த்ரோண்டெலாக் மட்டும் இரண்டு கணக்கிலும் வரும்.) 2020இல் பல ஃபில்கேக்களை ஒட்டவைத்து 11 ஆக்கினார்கள். பல இடங்களில் அது பிடிக்காமல் போகவே, சிலவற்றை மறுபடி பிரித்தார்கள்; 2024 முதல் 15. உங்கள் கையில் இருக்கும் வரைபடத்தில் ‘வீக்கன்’ என்று ஒரு ஃபில்கே தெரிந்தால், அது பழைய வரைபடம்.

அடுத்தது குளிர். வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்பது பாதி உண்மைதான். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வெகு வடக்கே இருக்கிறது ட்ரோம்சோ. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. ஆனாலும் ஜனவரி சராசரி மைனஸ் 3, 4 டிகிரிதான், துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் கரையை ஒட்டியே மேலே போகிறது. ஏறக்குறைய அதே அட்சரேகையில், ஆனால் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் காராஷோக்கில் 1886 ஜனவரி 1 அன்று மைனஸ் 51.4 டிகிரி பதிவானது. நாட்டிலேயே இதுதான் மிகக் குறைந்த அளவு. ஆக, குளிரைப் பற்றிக் கேட்கும்போது எவ்வளவு வடக்கு என்பதோடு நிறுத்தாமல் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் கேட்க வேண்டும்.

மழையும் அப்படித்தான். பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். மேற்கே கடலிலிருந்து வரும் மேகம் மலையில் மோதி அங்கேயே காலியாகிவிடுகிறது. மலைக்குக் கிழக்குப் பக்கம் ஷோக் என்ற ஊருக்குக் கிடைப்பது 300 மில்லிமீட்டர் அளவுதான். மலையோடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து வயலுக்குப் பாய்ச்சிய ஊர் அது. நார்வேயில் வறட்சியா என்று வியக்கும் முன் எந்தப் பள்ளத்தாக்கு என்று பாருங்கள்.

பயணத் திட்டத்தில் சிக்கவைப்பவை இன்னும் சில. ட்ரோம்சோவுக்கு ரயிலே கிடையாது. நாட்டுக்குள் ரயில் பாதை போதோவில் முடிந்துவிடும். அதற்கும் வடக்கே உள்ள நார்விக்குக்கு ஸ்வீடன் வழியாகத்தான் ரயில். ஸ்வால்பார்டுத் தீவுக்கூட்டம் நார்வேக்குச் சொந்தமானாலும் ஷெங்கன் எல்லைக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசாப் பகுதிக்கு) வெளியே இருப்பது. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு அங்கே போனால், திரும்பி ஓஸ்லோவில் இறங்கும்போது வம்பு. அப்புறம், கிறிஸ்தியான்சான் தென்கோடியில் இருக்கிறது, கிறிஸ்தியான்சுன் மேற்குக் கரையில் வெகு வடக்கே. ஓர் எழுத்து மாற்றிப் பதிவு செய்தால் வேறு ஊரில் அறை கிடைக்கும். தபாலே குழம்பியதால்தான் முகவரியில் ஒன்றுக்கு எஸ், மற்றதற்கு என் என்று வால் சேர்த்தார்கள்.

கிறிஸ்தியான்சுன் என்றதும் மீன் ஞாபகம் வருகிறது. தமிழில் எழுதுபவர்கள் நார்வேயின் காய்ந்த மீன் எல்லாவற்றையும் ‘கருவாடு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அங்கே அது இரண்டு வேறு பொருள், இரண்டு வேறு வட்டாரம். வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் செய்வது தோர்ஃபிஸ்க். அதில் உப்பே கிடையாது. பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் காட் மீனை ஜனவரி முதல் ஏப்ரல் வரை பிடித்து, தலையை நீக்கி, வாலோடு வால் ஜோடியாகக் கட்டி மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். அந்த மாதங்களில் அங்கே வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும்: மீன் கெடும் அளவுக்குச் சூடு இல்லை, உறைந்து நார் உடையும் அளவுக்குக் குளிரும் இல்லை, ஈயும் இல்லை. மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். மீன் இத்தாலிக்குப் போகிறது, தலைகள் நைஜீரியாவுக்கு. கிறிஸ்தியான்சுன் பக்கத்துச் சரக்கு க்ளிப்ஃபிஸ்க். அது உப்பிட்டு, முன்பெல்லாம் கடலோரப் பாறைகளில் பரப்பிக் காயவைத்தது. பெயரிலேயே பாறை இருக்கிறது. போர்ச்சுகலும் பிரேசிலும் கேட்பது இதைத்தான். ஒன்றைச் சொல்லி மற்றதன் படத்தைப் போட்டால், மீன் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவர்களில் தமிழர்களும் இருப்பார்கள். 1980களில் இலங்கையிலிருந்து போனவர்களில் பலர் வடகோடி ஃபில்கேயான ஃபின்மார்க்கின் கரையில் மீன் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள்.

மொழிக்கு வருவோம். நார்வே மொழியின் பூக்மோல், நீநோர்ஷ்க் இரண்டையும் இரண்டு பேச்சுமொழிகள் என்று எழுதுகிறார்கள். இரண்டுமே எழுத்து வடிவங்கள். டேனிஷ் எழுத்திலிருந்து வளர்ந்தது பூக்மோல். மொழியறிஞர் ஈவார் ஓசன் கிராமத்து வழக்குகளைத் திரட்டி உருவாக்கியதன் தொடர்ச்சி நீநோர்ஷ்க். பெயரில் ‘புதிய’ என்று பொருள்படும் ‘நீ’ இருப்பதால் இக்கால நகரத்து மொழி என்று எண்ணிவிட வேண்டாம். அதன் கோட்டை மேற்குக் கிராமங்கள்தான். 1885இல் இரண்டுக்கும் சம உரிமை கிடைத்தது. பேசுவதோ அவரவர் ஊர் வழக்கில். ‘நான்’ என்பதற்கு ஓஸ்லோவில் ‘யாய்’, மேற்கில் ‘எக்’, ட்ரோம்சோவில் வாயை அகலத் திறந்து ஒரே உயிரெழுத்து. நாடாளுமன்றத்திலும் ஊர் வழக்கிலேயே பேசுவார்கள். அதைப் படிக்காதவர் பேச்சு என்று எடுத்துக்கொள்வதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை.

கடைசியாக, ஆனால் அதிகமாகப் பிழை வருவது அங்குள்ள பழங்குடிகளான சாமி மக்களைப் பற்றி. (நம் கோயில் சாமிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.) ‘லாப்’ என்ற பழைய சொல்லை அவர்கள் இழிவாகக் கருதுகிறார்கள். ஃபின்மார்க் என்ற பெயரைப் பார்த்து ஃபின்லாந்தோடு சேர்ப்பது இன்னொரு பிழை. ‘ஃபின்’ என்பது நார்வேக்காரர்கள் சாமி மக்களுக்கு வைத்திருந்த பழைய பெயர். அவர்கள் வடகோடியில் மட்டும் வாழ்வதாகவும் நினைக்கக் கூடாது. நாட்டின் நடுவே த்ரோண்டெலாக்கில் தெற்குச் சாமி மக்கள் இருக்கிறார்கள். ஃபோசன் தீபகற்பத்தின் காற்றாலைகள் அவர்களுடைய உரிமையை மீறுவதாக 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மே 17 தேசிய நாளில் சாமி மக்கள் அணிவது காக்தி என்ற மரபு உடை. அதை மற்ற வட்டாரங்களின் மரபு உடையான பூனாடோடு சேர்த்து எழுதக் கூடாது. ஃபின்மார்க்கில் பழைய மரவீடுகளைத் தேடி ஏமாறுபவர்களும் உண்டு: 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊர் ஊராக எரித்துவிட்டுப் போனது, இப்போது நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு கட்டியவை.

எல்லாச் சாமி மக்களும் கலைமான் மேய்ப்பவர்கள் அல்லர், மேய்ப்பவர்கள் சிறு பகுதியினர்தான். அப்படி ஒருவரைச் சந்தித்தால் எத்தனை கலைமான் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பது மாதிரி. கேட்பவருக்கு ஒரு பதில் வழக்கத்தில் இருக்கிறது: “மரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கின்றன.”