பேக்கப் கமாண்ட் ஆப்ஷனை ஏற்கவில்லையா? முதலில் கோட்டைப் பாருங்கள்

ராயபுரம் ஆபீஸில் ஓடும் பேக்கப் கமாண்ட், மெயிலில் போய் மணலி யார்டு சர்வரில் மட்டும் தகராறு செய்கிறதா? மேனுவலைப் புரட்டும் முன், ஆப்ஷனுக்கு முன்னால் உள்ள கோடுகளை அழித்துவிட்டு, கீபோர்டில் கையால் அடியுங்கள். மேற்கோள் குறிகளையும் அதேபோல் அழித்துவிட்டு அடியுங்கள்.

வேர்டும் அவுட்லுக்கும் அடுத்தடுத்த இரண்டு ஹைஃபனை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். விண்டோஸின் கமாண்ட் கருவியான பவர்ஷெல்லின் சொந்தக் கமாண்டுகள் அந்தக் கோட்டையும் ஏற்கும். லினக்ஸில் டார், ஆர்சிங்க் போன்ற பேக்கப் கருவிகள் ஏற்காது. 'எக்ஸ்குளூட்' (இதை விலக்கு) ஆப்ஷனையே ஒரு ஃபைல் பெயராக எடுத்துக்கொண்டு, "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் எடுத்து முடிக்கும். விலக்கச் சொன்ன ஃபோல்டரும் சேர்ந்தே போகும், டிஸ்க் நிரம்பும். ஆபத்து இதில்தான்: வேலை நிற்காததால் யாரும் கவனிப்பதில்லை. வேலை எப்படி முடிந்தது என்று காட்டும் 'எக்ஸிட் கோட்' எண்ணைக் கட்டாயம் பாருங்கள். இந்தப் பிழை நேர்ந்திருந்தால் டாரில் 2, ஆர்சிங்கில் 23 என்று வரும்.

ஸ்கிரிப்ட் நீளமானதா? லினக்ஸில் 'ஃபைல்' கமாண்டை அதன் மேல் ஓட்டுங்கள். 'ஆஸ்கி' (சாதாரண ஆங்கில எழுத்தும் குறியும் மட்டும்) என்று வந்தால் ஹைஃபன் கோடு சரி. 'யுடிஎஃப்-8' என்றால் உள்ளே வேற்று எழுத்து இருக்கிறது.

ஸ்கிரிப்டுக்குள் "காசிமேடு பில்" மாதிரி தமிழில் ஃபோல்டர் பெயர் இருந்தால் இந்தச் சோதனை உதவாது, எப்படியும் யுடிஎஃப்-8 என்றுதான் காட்டும். கோடு சரியாக இருந்தும் பிழை வந்தால், இரண்டு சர்வரிலும் சாஃப்ட்வேரின் வெர்ஷனை ஒப்பிடுங்கள்.