மடிப்பைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்

மும்பையில் பழைய சினிமா போஸ்டர் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் சோர் பஜாரின் மட்டன் தெரு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அன்று நடைபாதைச் சந்தைதான்.

அங்கே அசலும் மறு அச்சும் ஒரே கட்டில் கலந்து கிடக்கும். தாள் பழுப்பாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், டீத்தண்ணீரில் நனைத்தால் எந்தத் தாளும் பழுப்பாகும். மடிப்பைப் பாருங்கள். அந்தக் காலத்தில் போஸ்டர்களை மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்புவார்கள். அதனால் மடித்த இடத்தில் தாள் நைந்து, மை உதிர்ந்து வெள்ளைக்கோடு விழுந்திருக்கும்; திருப்பினால் பின்பக்கமும் அதே தடம் தெரியும். மறு அச்சில் அந்தக் கோடும் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும்! கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டாது.

அப்புறம், பையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கட்டும். அச்சகத்தில் தகடு வைத்து அடிக்கும் ஆஃப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்காக அடுக்கி நிற்கும். கம்ப்யூட்டர் பிரிண்டரான இங்க்ஜெட்டில் தாறுமாறாகச் சிதறியிருக்கும்; அப்படியிருந்தால் அது மறு அச்சுதான். மறு அச்சே பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், அசலின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் லேமினேஷன் வேண்டாம், கிழிசலுக்குச் செலோ டேப்பும் வேண்டாம். அதன் பசை நாளாக நாளாக மஞ்சளாகித் தாளில் ஊறிவிடும், பிரிக்கவும் வராது. ஃபிரேம் போட்டால் கண்ணாடி போஸ்டரைத் தொடாமல் இருக்க நடுவில் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். மாட்டுங்காவானாலும் தாராவியானாலும் மழைக்காலத்தில் ஓதம் காக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம்.