பாட்டு ஓடியது, எழுதியவருக்கு ராயல்டி வரவில்லை

ஆடிக் கிருத்திகைக்காக வள்ளிமலை முருகன் மேல் நான் எழுதிய பாட்டு யூடியூபில் நன்றாக ஓடியது. மெட்டமைத்த காட்பாடி நண்பருக்கு ஐ.பி.ஆர்.எஸ். (பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) ராயல்டி வந்தது, அதே சங்கத்தில் உறுப்பினரான எனக்குச் சல்லிக்காசு வரவில்லை.

பாட்டை ஏற்றிய விநியோக நிறுவனத்தைக் கேட்டேன். அவர்கள் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும். பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் உரியது தனிக் கணக்கு. சங்கத்தில் நான் கொடுத்திருந்த வங்கி விவரம், பான் எல்லாம் சரி. “மொத்தமாகப் பணம் வாங்கிவிட்டீர்களே, இனி எதற்கு ராயல்டி?” என்றார் ஸ்டூடியோக்காரர். அது தவறு. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ராயல்டி பெறும் உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைத் துருவியதிலும் சில நாள் போயிற்று. அது ஒலிப்பதிவின் அடையாளம். பாட்டு வரி யாருடையது என்பதற்கு அதில் பதில் இல்லை.

கடைசியில் சங்கத்தில் இந்தப் பாட்டுக்கு இருந்த படைப்புப் பதிவைப் பார்த்தேன். ஸ்டூடியோவிலிருந்து போன படிவத்தில் என் இனிஷியல் பெயராகவும், பெயர் குடும்பப் பெயராகவும் ஏறியிருந்தது. அதைவிட முக்கியம், ஐ.பி.ஐ. எண்ணுக்கான கட்டம் காலி. அந்த 11 இலக்க எண்தான் எழுதியவரின் அடையாளம். என் பெயரும் இனிஷியலும் உள்ளவர்கள் குடியாத்தத்தில் மட்டும் தெருவுக்கு நாலு பேர். எண் இல்லாமல் பங்கு யாரிடம் போய்ச் சேரும்?

நண்பரிடம் பாதிக்குப் பாதி என்று கையெழுத்து வாங்கி, ஐ.பி.ஐ. எண், ஐ.எஸ்.ஆர்.சி. எண் இரண்டையும் சேர்த்து, பதிவைத் திருத்தச் சொல்லிச் சங்கத்துக்கு அனுப்பினேன். அடுத்த பட்டுவாடாவில் பழைய பாக்கியும் சேர்ந்தே வந்தது. அப்பாடா!