ராமேஸ்வரத்தில் ரூம் போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் அனுப்புமுன் இதைச் செய்யுங்கள்

போன தை அமாவாசைக்கு எங்கள் மதினி வீட்டார் சென்னையிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். விடியற்காலை ரயிலில் இறங்கி நேரே லாட்ஜுக்குப் போனால், "உங்க பேர்ல ரூமே போடலையேம்மா" என்கிறார் ரிசப்ஷனில் இருந்தவர். 6,000 ரூபாய் அட்வான்ஸ் வேறு யாருக்கோ போயிருந்தது. லாட்ஜ் நிஜம், படங்கள் நிஜம், போன் நம்பர் மட்டும் பொய். அந்த எட்டுப் பேரும் பாம்பனில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து தங்கினார்கள்.

முதலில், நம்பரைச் சரிபாருங்கள். கூகுள் மேப்பில் ஒரு கடையின் விவரத்தை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அப்படித்தான் சில இடங்களில் நம்பர் மாறிவிடுகிறது. தேடலில் மேலே வருவது பணம் கட்டிய விளம்பரமாகவும் இருக்கலாம். அதனால் ஒரே இடத்தில் எடுத்த நம்பரை நம்ப வேண்டாம். இங்கே வந்து தங்கிப் போன உறவினரிடம் பழைய பில் இருந்தால் அதிலுள்ள நம்பரோடு ஒப்பிடுங்கள். தேவஸ்தானத் தங்குமிடம் என்று யாராவது தளம் காட்டினால் முகவரியின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். அறநிலையத்துறையின் முகவரி 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியும். நடுவில் 'ராமேஸ்வரம்', 'டெம்பிள்' என்று எத்தனை இருந்தாலும் கணக்கில்லை, முடிவுதான் முக்கியம்.

பிறகு, பேசுங்கள். வாட்ஸ்அப்பில் மெசேஜ் மட்டும் போடுகிற ஆளிடம் அட்வான்ஸ் வேண்டாம். கூப்பிட்டு, "ஸ்டேஷன்ல இறங்கி வர்றோம், மேலவாசல் முதல்ல வருமா, அக்னி தீர்த்தம் முதல்ல வருமா?" என்று கேளுங்கள். கோயிலின் மேற்குப் பக்க வாசலான மேலவாசல்தான், அக்னி தீர்த்தம் கிழக்கே கடற்கரையில். உள்ளூர் ஆள் யோசிக்காமல் சொல்வார். எங்கோ உட்கார்ந்து பேசுகிறவர் திணறுவார், அல்லது "லொக்கேஷன் அனுப்புறேன் சார்" என்பார். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் வீடியோ காலில் வாசல் போர்டையும் அறையையும் காட்டச் சொல்லுங்கள்.

விலையையும் யோசியுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் இந்தத் தீவில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்குக் கடல் பார்த்த ஏசி ரூம் பாதி விலை என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

பணம் அனுப்பும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். யுபிஐ பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் ஒரு பெயர் வரும். லாட்ஜ் பெயரோ உரிமையாளர் பெயரோ இல்லாமல் சம்பந்தமே இல்லாத பெயர் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். மதினி அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார், "கணக்குப்பிள்ளையா இருக்கும்"னு நினைத்துக்கொண்டாராம்.

இன்னொன்று, "ரீஃபண்ட் தர்றோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பது. பணம் கொடுக்கத்தான் யுபிஐ பின், வாங்க ஒருபோதும் தேவையில்லை. 'புக்கிங் கன்ஃபர்மேஷன்' என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல்) வந்தால் திறக்கவே கூடாது. திறந்து இன்ஸ்டால் செய்தால் ஓடிபி மெசேஜ்கள் எல்லாம் அடுத்தவன் கைக்குப் போய்விடும்.

ரயில் டிக்கெட்டுக்கு ஒரு சின்னக் கணக்கு: 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மூன்று மாதம் கழித்துப் போகும் ரயிலுக்கு இன்றே 'கன்ஃபர்ம்' என்று ஒருவர் சொன்னால் அது பொய். வேறெதையும் பார்க்கவே வேண்டாம்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், வங்கிப் பெயர் கையில் இருக்கட்டும். அடுத்தவன் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படுவதற்குள் முடக்கினால் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மதினி வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார். அதற்குள் அந்தக் கணக்கு காலி.

அந்த லாட்ஜ்காரர் பாவம், அவருக்கும் கெட்ட பெயர். இப்போது வாசல் கண்ணாடியில் தன் சரியான நம்பரைப் பெரிதாக ஒட்டி வைத்திருக்கிறார். அதைப் படிக்க முதலில் ராமேஸ்வரம் வந்து சேர வேண்டும், அதுதான் குறை.