ஒரே சர்வரில் பல தளங்கள்: ஒவ்வொன்றுக்கும் தனி யூசர் போடுங்கள்

உபுண்டு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்று, அதில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், நாலைந்து வேர்ட்பிரஸ் தளங்கள். தளத்துக்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, போதாதா என்றால் போதாது. மாற்றாமல் விட்டால் எல்லாத் தளங்களின் பிஹெச்பியும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற ஒரே பொது யூசராகத்தான் ஓடும், அதனால் ஏதோ ஒரு தளத்தின் பழைய பிளகின் வழியாக ஒருவன் உள்ளே வந்துவிட்டால் பக்கத்துத் தளத்தின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு போகலாம்.

முதலில் தளத்துக்கு ஒரு லினக்ஸ் யூசரை உருவாக்குங்கள். அப்புறம் பிஹெச்பியை ஓட்டும் சேவையான பிஹெச்பி-எஃப்பிஎம்மின் பூல் கோப்பை (பூல் என்பது ஒரே யூசராக ஓடும் பிஹெச்பி பிராசஸ்களின் தொகுதி) தளத்துக்கு ஒன்றாக நகலெடுத்து, பூல் பெயர், யூசர், குரூப், சாக்கெட் (என்ஜின்எக்ஸ் பிஹெச்பியுடன் பேசும் வழி) பாதை நான்கையும் மாற்றுங்கள். சாக்கெட்டின் உரிமை மட்டும் பொது யூசரிடமே இருக்கட்டும், இல்லாவிட்டால் பிஹெச்பியை அணுக முடியாமல் என்ஜின்எக்ஸ் 502 பிழையைக் காட்டும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்தந்தத் தளத்துக்கான பகுதியான சர்வர் பிளாக்கில் புது சாக்கெட்டைக் கொடுங்கள்.

அனுமதி எண்கள்: ஃபோல்டருக்கு 750, கோப்புக்கு 640 (இரண்டிலும் குரூப் படிக்கலாம், வெளியாருக்கு எதுவும் இல்லை), கான்ஃபிக் கோப்புக்கு 600 (உரிமையாளருக்கு மட்டும்). உரிமையாளரும் குரூப்பும் தளத்தினுடையதே. படங்களை என்ஜின்எக்ஸ் படிக்க வேண்டுமே? பொது யூசரை ஒவ்வொரு தளத்தின் குரூப்பிலும் சேர்த்து, என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். திசை மாறிவிடக் கூடாது: தள யூசர்களைப் பொதுக் குரூப்பில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, பலர் மறப்பது: பழைய பூலை நீக்கிவிடுங்கள். அது பொது யூசராக ஓடுகிறது, அந்த யூசரோ இப்போது எல்லாக் குரூப்பிலும் இருக்கிறார், அதை அப்படியே விட்டால் அதன் வழியாக எல்லாத் தளங்களின் கோப்புகளையும் படிக்கலாம்.

பிஹெச்பி எந்த ஃபோல்டர்களின் கோப்புகளைத் திறக்கலாம் என்று வரையறுக்கும் ஓப்பன் பேஸ்டிர் அமைப்பைப் போட்டால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பிஹெச்பியிலிருந்து ஷெல் கட்டளை ஓட்ட முடிந்தால் அந்தக் கட்டளையை அது கட்டுப்படுத்தாது. கூடுதல் காவலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மைஎஸ்க்யூஎல்லிலும் தளத்துக்கு ஒரு யூசர், தன் டேட்டாபேஸுக்கு மட்டும் அனுமதி. பூலுக்குப் பூல் சைல்ட் பிராசஸ்களின் உச்ச எண்ணிக்கையையும் குறைத்து வையுங்கள், ஒரு தளத்துக்குக் கூட்டம் வந்தால் மற்றவற்றின் மெமரியை அது விழுங்காது. ஒரே எஃப்பிஎம் மாஸ்டரின் (பூல்களை நடத்தும் தாய் பிராசஸ்) கீழ் ஓடும் பூல்கள் ஓப்கேஷை, அதாவது தொகுத்த பிஹெச்பி கோடு இருக்கும் நினைவகத்தை, பகிர்ந்துகொள்ளும் என்பதால், முன்பின் தெரியாதவர்களின் தளம் என்றால் தனி மாஸ்டர் அல்லது கன்டெய்னர் (தனித்துப் பிரித்த சூழல்)தான் சரி.

முடிந்ததும் ஒரு தளத்தின் யூசராக மாறி இன்னொன்றின் கான்ஃபிக் கோப்பைத் திறந்துபாருங்கள். பெர்மிஷன் டினைட் வர வேண்டும்.